உஷார்! செக்போஸ்ட்டை மூடினால் காட்டுப்பாதை திறக்கும்

விடியற்காலை நாலரை மணிக்கு மலையடிவாரத்து முந்தலில் போய் நின்று பாருங்கள். போடியிலிருந்தும் சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்தும் ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மெட்டு ஏறும். உள்ளே பெண்கள். மடியில் தூக்குவாளி, காதை மூடிக் கட்டிய துண்டு, காலுக்கடியில் மடித்துவைத்த சாக்கு, மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பாலித்தீன் தாள். 17 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டினால் போடிமெட்டு, அதற்கப்பால் கேரளம். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பஞ்சோலைப் பக்கத்துத் தோட்டங்களில் ஏலக்காய் எடுத்துவிட்டுப் பொழுது சாயும்போது இறங்கிவிடுவார்கள்.

வேறு மாநிலத்துக்குப் போகிறோம் என்று அந்த ஜீப்பில் யாரும் சொல்வதில்லை. "மலைக்குப் போறோம்" என்பார்கள், அவ்வளவுதான். மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் ஆனது 1956 நவம்பர் 1-ல். நடைபாதை அதற்கு வெகுகாலம் முந்தியது.

சமீபத்தில் அங்கே டீக்கடையில் ஒரு டிரைவர் சர்வசாதாரணமாகச் சொன்னார்: "செக்போஸ்ட்ட மூடுனா மூடட்டும்ணே. காட்டுக்குள்ள எறங்குனா ஊரு வந்துரும்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு டீ இறங்கவில்லை. இந்த உஷார் அந்தப் பேச்சுக்காகத்தான்.

2020 மார்ச் கடைசி வாரம். கொரோனா ஊரடங்கு, பஸ் நின்றது, ஜீப் நின்றது, எல்லை அடைபட்டது. மலைமேல் கேரளத்து இடுக்கி மாவட்டத் தோட்டத்திலிருந்த, போடிப் பக்கத்து ராசிங்காபுரத்துக்காரர்கள் சிலர், வேறு வழியில்லாமல் காடு வழியாக ஊருக்கு இறங்கினார்கள். மார்ச் மாதத்து மலை எப்படி இருக்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: ஆளுயரப் புல் காய்ந்து கிடக்கும், கீழிருந்து காற்று ஏறும். தீ சூழ்ந்துகொண்டது. ஒரு பெண்ணும் ஒரு சிறு குழந்தையும் கருகினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகும் சாவு நிற்கவில்லை.

குரங்கணி என்றால் எல்லோருக்கும் தெரியும். 2018 மார்ச் 11, மலையேற்றம் வந்தவர்கள் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் வந்தது, விசாரணை வந்தது. வரவேண்டியதுதான். ஆனால் அதே மலைத்தொடரில், இரண்டே வருடம் கழித்து, பொழுதுபோக்குக்காக அல்ல, வீட்டுக்குப் போவதற்காக நடந்து செத்தவர்களை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? போடியிலேயே கேட்டுப் பாருங்கள்.

வழியை அடைப்பவர்கள் எப்போதும் ஆள் நின்றுவிடும் என்று நினைக்கிறார்கள். ஆள் நிற்பதில்லை. பிள்ளை கீழே இருக்கிறது, ரேஷன் கீழே இருக்கிறது, எப்படி நிற்கும்? தார்ச்சாலையை விட்டு ஆட்டுத்தடத்தில் இறங்கும். நோய்க்காக எல்லையை அடைத்ததைக் குறை சொல்லவில்லை. அடைக்கும்போதே, மேலே இருக்கும் ஆளுக்குச் சோறும் கூரையும் இறங்க ஒரு வண்டியும் யார் பொறுப்பு என்று எழுதியிருக்க வேண்டும். அந்த உழைப்பில் பணம் பார்ப்பவர்களுக்குத்தான் அந்தப் பொறுப்பு. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ ஏலக்காய் அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. பணமில்லாத தொழிலா இது? தோட்டக்காரர் என்றதும் அக்கரை ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். மேலே தோட்டம் வைத்திருக்கும் பலருக்கு வீடு போடியில், கம்பத்தில் இருக்கிறது. காய் தரம் பிரிவதும் ஏலம் போவதும் இங்கேயும்தான்.

எல்லையை அரசாங்கம் மட்டுமா மூடுகிறது? வதந்தியும் மூடும். 2011 டிசம்பரை மறக்க முடியுமா? முல்லைப் பெரியாறு அணைப் பதற்றத்தில் இடுக்கித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள். குடும்பம் குடும்பமாகச் சட்டிபானையை விட்டுவிட்டுக் காடு வழியாகத் தேனி மாவட்டத்துக்குள் இறங்கினார்கள். நாமும் சும்மா இல்லை. இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகள் உடைபட்டன, கேரளத்துக்குப் போகும் லாரிகள் மறிக்கப்பட்டன. அணையைப் பற்றி ஒரு வார்த்தை அறியாத ஆட்கள்தான் இரண்டு பக்கமும் அடிபட்டார்கள்.

வழி அடைபட்டால் ஆள் ஆபத்தான வழியில் இறங்குவதைப் பெரிய அளவில் பாருங்கள். 2019 ஜனவரி 12-ல் கேரளத்தின் முனம்பம் துறைமுகத்திலிருந்து ஒரு படகு கிளம்பியது. நியூசிலாந்து போகிறோம் என்று நூற்றுக்கும் மேற்பட்டோர் ஏறினார்கள். டெல்லியில் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல. போலீசுக்குக் கிடைத்தது கரையில் விட்டுப்போன பைகள். படகைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை.

அடுத்தது டியகோ கார்சியா தீவு. 2021 அக்டோபரில், கனடா நோக்கிப் போன 89 இலங்கைத் தமிழர்களின் படகு நடுக்கடலில் பழுதாகி அந்தத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. தீவு அப்போது பிரிட்டனின் நிர்வாகத்தில் இருந்தது, அதில் இருப்பது அமெரிக்க ராணுவத் தளம். அகதிகள் ஒப்பந்தம் இந்தத் தீவுக்குப் பொருந்தாது என்றது பிரிட்டன். மண் எங்களுடையது, அதில் ஒதுங்கியவன் எங்கள் பொறுப்பல்ல என்றுதானே அர்த்தம்? 1968 முதல் 1973 வரை அந்தத் தீவுக்கூட்டத்தின் பூர்வகுடிகளையே வெளியேற்றிய அரசாங்கம் அது. படகில் வந்தவர்களில் பலர் எலி ஓடும் கூடாரங்களில் குழந்தைகளோடு மூன்று வருடம் கிடந்தார்கள். பலர் தங்களையே காயப்படுத்திக்கொண்டார்கள். 2024 டிசம்பரில்தான் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலானோர் பிரிட்டனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களை அடைத்துவைத்தது சட்டவிரோதம் என்று அந்தப் பிரதேசத்தின் நீதிமன்றமே தீர்ப்பு சொன்னது. நம் ஊரிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றி இலங்கை மலையில் காப்பியும் தேயிலையும் போட்டுச் சம்பாதித்த நாடு, இந்தத் திசையிலிருந்து வரும் ஒரு படகைப் பார்த்து 'யாரோ' என்று சொல்லக் கூடாது.

நம் வாசலும் அப்படியொன்றும் விரியத் திறந்து கிடக்கவில்லை. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. தமிழ்நாட்டில் 2021-ல் இலங்கை அகதி முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள், வீடும் கட்டினார்கள், நல்ல காரியம். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றவர்களில் பலர் கையில் இன்னும் குடியுரிமை இல்லை. இப்படி இருப்பவன் காதில் கனடா என்று ஒருவன் ஊதினால் ஏறத்தானே செய்வான்?

பிழைப்புத் தேடி இந்தப் பக்கம் வருகிறவர்களும் உண்டு. இப்போது இடுக்கித் தோட்டங்களில் ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். கீழேயும் ஓட்டல், கட்டட வேலை எல்லாவற்றிலும் வடக்கத்தி ஆட்கள்தான். 'நம்ம பொழப்பக் கெடுக்குறானுக' என்ற பேச்சு போடி பஸ் ஸ்டாண்டில் காதில் விழ ஆரம்பித்துவிட்டது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவியபோது, ரயிலேறி ஓடியவர்கள் உண்டு. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்தது. அந்த முறை பொய் என்று நிரூபித்துவிட்டோம். அடுத்த வீடியோ எந்த மொழியில் வரும், யாரை ஓடவைக்கும் என்று தெரியாது. உங்கள் போனுக்கு வந்தால் உங்கள் போனிலேயே சாகட்டும்.

வெளிநாட்டு வேலை என்று ஏஜெண்ட் வந்தால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு உள்ளவரா என்று பாருங்கள். டூரிஸ்ட் விசாவில் வேலை என்றால் வாசலோடு அனுப்புங்கள். படகு என்றால் போலீசுக்குச் சொல்லுங்கள். மலைக்குப் போகிறவர்கள், வழி அடைபட்டால் பிப்ரவரியிலிருந்து முதல் மழை வரும்வரை காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். தோட்டத்திலேயே உட்காருங்கள், சோறு கேளுங்கள், வண்டி கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. போகும் தோட்டத்தின் பெயரையும் கங்காணியின் நம்பரையும் வீட்டுச் சுவரில் எழுதிவைத்துவிட்டுப் போங்கள்.

இதைச் சொல்லலாமென்றுதான் அன்று ஜீப்புக்கு நின்றிருந்த ஒரு அக்காவிடம், "மேல எந்தத் தோட்டம்க்கா?" என்று கேட்டேன்.

"தெரியல தம்பி. வண்டி எங்க நிக்குதோ அங்க எறங்குவோம். கங்காணி நம்பரு மகன் போன்ல இருக்கு."

மகன் திருப்பூரில் இருக்கிறான்.