விழுப்புரம் ரயில்வே பள்ளியிலிருந்து நிலவு வரை

திண்டிவனத்தை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து, டயாலிசிஸ் சிகிச்சைக்காகத் தம் தந்தையை வாரம் மூன்று நாள் பேருந்தில் அழைத்து வரும் இளைஞர் ஒருவர், அண்மையில் என்னிடம் ஒரு சான்றிதழ் கேட்டார். அவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு மாணவர்.

"சான்றிதழ் எதற்குத் தம்பி?" என்று வினவினேன்.

"படிப்பை நிறுத்தப் போகிறேன், சார். அப்பாவின் உடல்நிலைதான் காரணம் என்று கல்லூரியில் காட்ட வேண்டும்" என்றார். தந்தை கொத்தனார், நோய் கண்டது முதல் வருமானம் இல்லை.

சிறுநீரக மருத்துவன் என்ற முறையில் இத்தகைய பேச்சை நான் அடிக்கடி கேட்கிறேன். அன்று அவருக்குக் கூறியதை இவ்விதழைப் படிக்கும் உங்களுக்கும் கூற விரும்புகிறேன்.

2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 விண்கலத்தின் லேண்டர் நிலவின் தென்துருவப் பகுதியில் இறங்கியது. அப்பகுதியில் விண்கலத்தை மெல்லத் தரையிறக்கிய முதல் நாடு இந்தியா. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல், நம் விழுப்புரத்துக்காரர். தந்தை ரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளர். மகன் பயின்றது விழுப்புரம் ரயில்வே பள்ளியில். அதன்பின் இவ்வூரிலேயே ஒரு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயம் பெற்றார். தொடர்ந்து சென்னையில் பொறியியல் பட்டம், திருச்சியில் முதுநிலைப் பட்டம், கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் தொழிற்சாலைப் பணி, 2004இல் இஸ்ரோ, பின்னர் சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் என ஒவ்வொரு படியாக ஏறினார். 2023 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வழங்கிய 25 லட்சம் ரூபாய்ப் பரிசையும் தாம் பயின்ற கல்வி நிறுவனங்களின் முன்னாள் மாணவர் அமைப்புகளுக்கே அளித்துவிட்டார்.

இதைக் கேட்ட அந்த இளைஞர், "அவர் அப்பாவுக்கு மாதச் சம்பளம் வந்தது, சார்" என்றார். அவர் கூறியது நியாயமே. எளிய குடும்பமாயினும் அந்த வீட்டில் மாதந்தோறும் ஊதியம் இருந்தது. பிள்ளை படித்து முடிக்கும்வரை குடும்பத்தைத் தாங்குவதற்கு ஏதேனும் ஒன்று வேண்டும். நோய் அதைப் பறித்துவிட்ட வீட்டில், வேறு எதைக் கொண்டு அவ்விடத்தை நிரப்புவது என்பதே கேள்வி.

இங்கும் சந்திரயான் நமக்கு ஒன்றைக் கற்றுத் தருகிறது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2இன் லேண்டர் இறங்கும்போது நிலவில் மோதிச் சிதைந்தது. அடுத்த கலத்தை வடிவமைத்தவர்கள், 'எவையெல்லாம் தவறக்கூடும்?' என்று முன்கூட்டியே கேட்டனர். கால்களை வலுப்படுத்தினர், எரிபொருளைக் கூட்டினர், இறங்குவதற்கான பரப்பை அகலப்படுத்தினர். நீண்டகால நோயுள்ள குடும்பமும் கடன் கழுத்தை நெரிப்பதற்கு முன்பே இக்கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

முதலாவது, சிகிச்சைச் செலவு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. டயாலிசிஸ் அதில் அடங்கும். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தை அணுகலாம். அட்டை கைக்கு வருமுன் நகையை அடகு வைத்துவிட்டு வரும் குடும்பங்கள் பல. நோய் உறுதியான அன்றே விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது, படிப்புச் செலவு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வியில் சேர்ந்தோருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டங்கள் உள்ளன: மாணவியருக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண், மாணவர்க்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன். தகுதி விவரங்களைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டறியுங்கள். பட்டயம் முடித்தோர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, நேரம். இதைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. டயாலிசிஸ் பல சுற்றுகளாக நடைபெறுகிறது. பிள்ளையின் வகுப்பு நேரத்தைப் பொறுப்புச் செவிலியரிடம் தெரிவித்தால், இடம் இருக்கும்போது வேறு சுற்றுக்கு மாற்ற இயலும். துணைக்கு எப்போதும் மகனோ மகளோதான் வர வேண்டும் என்பதில்லை. உறவினர் ஒருவர் வாரம் ஒரு நாள் வந்தாலே பிள்ளைக்கு ஒரு நாள் வகுப்பு மிஞ்சும்.

நோயாளிகளுக்கும் ஒரு சொல். "என்னால் பிள்ளையின் வாழ்க்கை கெட்டது" என்று பலர் என்னிடம் கண்ணீர் விடுகின்றனர். அந்த வருத்தத்தை மனத்துக்குள் வைத்துக்கொள்ளாமல் எங்களிடம் கூறுங்கள். உப்பையும் நீரையும் அளவோடு கொள்வதும், சிகிச்சை நாளைத் தவறவிடாதிருப்பதும் உங்கள் உடலுக்கு மட்டுமன்றி உங்கள் பிள்ளையின் படிப்புக்கும் செய்யும் உதவியே. திடீரென்று மூச்சுத்திணறி நள்ளிரவில் மருத்துவமனைக்கு வரும் நிலை குறைந்தால், மறுநாள் அவர் வகுப்புக்குச் செல்வார்.

அந்த இளைஞருக்கு நான் சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். படிப்பை நிறுத்துவதற்கன்று, தந்தையின் சிகிச்சையால் குறைந்த வருகைப் பதிவைக் கல்லூரி கருணையோடு நோக்க வேண்டும் என்பதற்கு. இப்போது தந்தைக்கு மாலைச் சுற்று. சிற்றப்பா வாரம் இரு நாள் உடன் வருகிறார். மற்ற நாளில் கல்லூரி முடிந்ததும் பாடப்புத்தகப் பையுடன் அவரே வருகிறார். இந்தப் பருவத் தேர்வுக்குக் கட்டணம் கட்டிவிட்டதாகச் சென்ற வாரம் கூறினார்.