சரளைச் சாலைக்கு எந்த டயர்?

கனடாவின் வடமேற்கு மூலையில் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை இருக்கிறது. 1979இல் திறக்கப்பட்டது. டாசன் நகருக்கு அருகில் தொடங்கி இனுவிக் வரை சுமார் 740 கி.மீ.; ஏறக்குறைய முழுவதும் சரளை. தெற்கிலிருந்து கிளம்பினால் முதல் பெட்ரோல் நிலையத்துக்கே ஏறத்தாழ 370 கி.மீ. போக வேண்டும். அங்கிருக்கும் கூரான கல் சில்லுகள் டயரைக் கிழித்துவிடும். அப்படிப்பட்ட சாலைக்கு டயர் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

கடையில் நம் கண் முதலில் தரையைத் தொடும் பட்டனுக்குத்தான் போகும். ஆனால் பட்டனுக்கு அடியில் எஃகு பெல்ட் காவலாக இருக்கிறது. பக்கச்சுவருக்கு அது கிடையாது. அங்கே கிழிந்தால் பஞ்சர் ஒட்டியும் பயனில்லை. சாதாரண கார் டயரின் பக்கச்சுவரில் ஒன்றோ இரண்டோ நூலடுக்குதான் இருக்கும். சில ஆல்-டெரெய்ன் டயர்களில் மூன்று. எத்தனை என்பது பெரும்பாலும் டயரிலேயே அச்சாகியிருக்கும்.

அளவுக்கு முன்னால் 'எல்.டி.' என்றிருந்தால் அது சுமை தாங்கும் வகை. அதில் சி, டி, இ என்ற எழுத்துகள் 6, 8, 10 அடுக்குக்கு ஈடான வலுவைக் குறிக்கும். 'இ' வகை கனமானது. வண்டி குலுங்கும், எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும். பாரம் ஏற்றாத வண்டிக்கு 'சி' போதும்.

ரிம் சிறியதாக இருப்பதே நல்லது. 265/70 ஆர்17 டயரின் பக்கச்சுவர் உயரம் சுமார் 185 மி.மீ.; 265/50 ஆர்20இல் 132 மி.மீ. மட்டுமே. உயரமான சுவர் கல்லில் ஏறும்போது வளைந்துகொடுக்கும், ரிம்மும் தப்பும்.

சேற்று டயர் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். ஆனால் அதன் அகன்ற இடைவெளிகளில் கல் சிக்கும், இரைச்சலும் அதிகம். பள்ளத்தின் அடியில் கல்லைத் தள்ளிவிடும் சிறு மேடுகள் உள்ள ஆல்-டெரெய்ன் டயரைத் தேடுங்கள். தயாரித்த தேதியையும் பாருங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம்.

சரளையில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் கல்லுக்கு இணங்கிப் போகும். ஆனால் வேகத்தையும் குறைக்க வேண்டும். தார்ச்சாலை வந்ததும் பழைய அளவுக்கு ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு விரைந்தால் டயர் சூடாகி வெடிக்கும்.

ஸ்டெப்னியும் மற்ற நான்கின் அளவிலேயே இருக்கட்டும். கிளம்பும் முன் அதிலும் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.