குஞ்சு வாங்குமுன் தாயைப் பற்றிக் கேளுங்கள்

நாகை, மயிலாடுதுறை, ராமநாதபுரம் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவரிடம் குஞ்சை எப்படிப் பார்த்து வாங்குகிறீர்கள் என்று கேட்டால், விலையைச் சொல்வார், அப்புறம் "எஸ்.பி.எஃப். சீடுதான் சார்" என்பார். விலையாவது புரிகிற விஷயம். அந்த மூன்றெழுத்தை நம்பி லட்சக்கணக்கில் பணத்தைக் குளத்தில் இறக்குகிறவர்களில் பலருக்கு, அது எதற்கு உறுதி தருகிறது, எதற்குத் தரவில்லை என்பதை யாரும் விளக்கிச் சொன்னதில்லை.

எஸ்.பி.எஃப். என்பது, பட்டியலிட்ட சில நோய்க்கிருமிகள் இல்லை என்று பல தலைமுறையாகச் சோதித்து, வெளித்தொடர்பு இல்லாத வளாகத்தில் வளர்த்த தாய் இறாலுக்குரிய தகுதி. பட்டியலில் இல்லாத கிருமியைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. நோய் எதிர்ப்பு என்ற பொருளும் அதற்குக் கிடையாது. வெண்புள்ளி வைரஸ் குளத்துக்குள் வந்துவிட்டால் எஸ்.பி.எஃப். தாயின் பிள்ளைகளும் சாகும். வளாகத்தை விட்டு வெளியே வந்ததுமே அந்தத் தகுதியைத் தாயே இழந்துவிடுகிறது. குஞ்சு விற்கிறவர் அதை நோய் வராத குஞ்சு என்று சொன்னால் அது தவறான தகவல், அவ்வளவுதான்.

இந்த ஏற்பாடு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு வரி இறாலுக்குத் தாய் கடலிலிருந்து பிடித்து வரப்பட்டது. 1990-களின் நடுவில் வெண்புள்ளி நோய் இந்தியக் கடற்கரைப் பண்ணைகளைச் சூறையாடியது. கடல் தாயே வைரஸைச் சுமந்து வந்ததும் அதில் ஒரு பங்கு. 2009-ல் வனாமி என்ற வெளிநாட்டு இறாலின் வளர்ப்புக்கு அனுமதி கிடைத்தபோது, தாய் இறால் வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் நிலையத்தில் சோதிக்கப்பட்ட பிறகே ஹேச்சரிக்குப் போக வேண்டும் என்று விதித்தார்கள். எந்தெந்த ஹேச்சரிக்கு அந்த அனுமதி என்பதைக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் பட்டியலாக வெளியிடுகிறது. பட்டியலைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கிருமி இல்லாமை ஒன்று, பரம்பரைக் குணம் வேறொன்று. ஹவாயில் உள்ள ஓஷியானிக் இன்ஸ்டிட்யூட்டில் வனாமியைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வளர்த்துத் தேர்வு செய்து பார்த்தார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வில், வளர்ச்சிக்காகத் தேர்ந்த கூட்டம் ஒரே தலைமுறையில் 21 சதவீதம் எடை கூடியது. டாரா வைரஸைத் தாங்குவதற்காகத் தேர்ந்த கூட்டத்தில் பிழைத்தவை கூடின. ஆனால் இரண்டு குணமும் ஒன்றையொன்று எதிர்த் திசையில் இழுத்தன: வேகமாக வளரும் குடும்பங்கள் அந்த நோயைத் தாங்குவதில் பின்தங்கின. அதனால்தான் தாய் விற்கும் நிறுவனங்கள் வளர்ச்சிக்கு ஒரு லைன், தாங்குதிறனுக்கு ஒரு லைன் என்று தனித்தனியாக வைத்திருக்கின்றன. அடிக்கடி நோய் தட்டும் பகுதியில் வளர்ச்சி லைனை வாங்கி விட்டுவிட்டு, "அவன் குளத்தில் நன்றாக வந்தது, என் குளத்தில் வரலையே" என்று புலம்புவதில் பயனில்லை. எந்த லைன் என்று கேட்டிருக்க வேண்டும்.

இனி, யாரும் வெளிப்படையாகப் பேச விரும்பாத விஷயம். இறக்குமதித் தாய்க்கு விலை அதிகம். ஆகவே சில இடங்களில், அறுவடைக் குளத்தில் பெரிதாகத் தெரியும் இறாலையே தாயாக்கிக் குஞ்சு பொரிக்கிறார்கள். வனாமியில் இது விதிப்படி கூடாது. ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்தவை ஒன்றோடொன்று சேர்ந்தால் அடுத்த தலைமுறையின் உட்கலப்பு அளவு ஒரே தாவலில் 25 சதவீதம் ஆகிவிடும். மரபியலாளர் ரோஜர் டாயில் 2016-ல் எழுதிய கட்டுரையில் இதை நோய்ப் பரவலோடு சேர்த்துப் பார்த்தார். தங்கள் இனத்தை மற்றவர் நகலெடுக்கக் கூடாது என்பதற்காகச் சில நிறுவனங்கள் நெருங்கிய உறவுள்ள தாய்களையே விற்கின்றன; வாங்கியவர்கள் அதையும் மீறி நகலெடுக்கிறார்கள்; உட்கலப்பு ஏறுகிறது; நோய் தாக்கும்போது சாவும் ஏறுகிறது என்பது அவர் வாதம். நகலெடுப்பவரைக் குறை சொல்கிறோம், சரி. பூட்டுப் போட்டு விற்கிறவருக்கும் இதில் பங்கு இல்லையா?

விவசாயி ஏமாறுவதற்கு இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. உட்கலப்பால் வளர்ச்சி குறைவது கொஞ்சம்தான். நோயின்போது பிழைக்கும் திறன்தான் அதிகமாக அடிபடுகிறது. குஞ்சு பளிச்சென்று இருக்கும், நன்றாக நீந்தும், முதல் மாதம் செக் ட்ரேயில் குறை தெரியாது. வைரஸ் வரும் நாளில்தான் தெரியும்.

எல்லாப் பழியையும் பரம்பரை மீது போட்டுவிடவும் வேண்டாம். தீனி தின்றும் எடை ஏறாமல், ஒரே குளத்தில் பெரிதும் சிறிதுமாக இறால் நின்றால், பெரும்பாலும் இ.ஹெச்.பி. என்ற நுண்ணுயிரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது குஞ்சோடும் வரலாம், உங்கள் குளத்து மண்ணிலேயே முந்தைய வளர்ப்பிலிருந்து தங்கியும் இருக்கலாம். சோதிக்காமல் ஹேச்சரிக்காரரோடு சண்டைக்குப் போனால் வழக்கு நிற்காது.

பி.சி.ஆர். சோதனையிலும் கணக்கு உண்டு. நூற்றுக்கு இரண்டு குஞ்சில்தான் கிருமி இருக்கிறது என்றால், 95 சதவீத உறுதியோடு அதைப் பிடிக்கக் குறைந்தது 150 குஞ்சாவது எடுக்க வேண்டும். பத்துக் குஞ்சை எடுத்து 'நெகட்டிவ்' என்று எழுதித் தரும் தாளுக்கு மதிப்பில்லை. எந்தத் தொட்டியிலிருந்து, எத்தனை குஞ்சு, எந்தத் தேதியில் எடுத்தது, எந்தெந்தக் கிருமிக்குச் சோதித்தது என்று அறிக்கையில் இருக்கிறதா பாருங்கள். மாதிரியை நீங்களே எடுத்து வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்; சென்னையில் மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு நிறுவனத்தில் இதற்கு வசதி இருக்கிறது. குளத்தில் விடும் நாளில் இன்னொரு பங்கு குஞ்சை 95 சதவீத எத்தனாலில் போட்டு, தேதி எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்டு மூடி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தகராறு வந்தால் பேசப்போவது அந்த பாட்டில்தான்.

ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ஏஜென்ட் வாய்வார்த்தை போதாது. ஹேச்சரியின் பதிவு எண், தாய் எந்த நிறுவனத்தினுடையது, எந்த லைன், குஞ்சின் வயது, எண்ணிக்கை எல்லாம் அதில் வரட்டும். உங்கள் பண்ணையும் பதிவோடு இருக்க வேண்டும். 2005-ம் ஆண்டுக் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி அது கட்டாயம், ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவில்லாதவர் புகார் கொடுத்தால் எதிர்த் தரப்பு முதலில் அதைத்தான் கிளறும். அந்தச் சட்டத்தின் 2023 திருத்தத்தில் ஹேச்சரி, தாய் இறால் பெருக்க மையம், மூல இனப்பெருக்க மையம் எல்லாம் சட்ட வரம்புக்குள் தெளிவாகக் கொண்டுவரப்பட்டுவிட்டன. குளத்து இறாலைத் தாயாக்குகிறார்கள் என்று தெரிந்தால் ஆணையத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம்.

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த் தரப்பு வாதிடும். சுயதொழிலாகப் பிழைப்புக்காக வாங்கியவர் நுகர்வோரே என்று சட்டம் சொல்கிறது. பயிர் விதை வழக்கொன்றில் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்தது. அது நெல், சூரியகாந்தி போன்ற விதைகளின் உலகம். இறால் குஞ்சுக்கு அது தானாகப் பொருந்தாவிட்டாலும் வாதத்துக்குப் பலம் சேர்க்கும். கம்பெனி அளவில் பண்ணை நடத்துகிறவர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக நேரும்.

2024 பட்ஜெட்டில் இறால் தாய்களுக்கு மூல இனப்பெருக்க மையங்கள் அமைக்க நிதியுதவி அறிவித்தார்கள், தாய் இறக்குமதி வரியையும் 5 சதவீதமாகக் குறைத்தார்கள். நம் கடலின் வெள்ளை இறாலை மேம்படுத்தும் திட்டம் சென்னையில் 2023-ல் தொடங்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் குஞ்சுப் பையோடு தாயின் வம்சத் தகவலும் வர வேண்டும் என்பது கட்டாயமாகாதவரை, நல்ல தாயும் போலித் தாயும் ஒரே விலைப்பட்டியலில்தான் நிற்கும். பண்ணையாளர் சங்கங்கள் அரசிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். தனிநபராக வழக்குக்குப் போகிறவர்கள் கெடுவை மறக்க வேண்டாம்: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. ஆலோசனைக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.