உங்களுக்குத் தெரியுமா? பாட்டி போனில் எந்த ஆப்!

பாட்டிக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தாச்சா? பேரன் பேத்தியோடு பேச எந்த ஆப் போடலாம் என்று யோசனையா? அவசரப்படாதீர்கள்! தேடிப் பிடித்து வைத்திருக்கும் சங்கதிகளை முதலில் கேளுங்கள். ஒவ்வொன்றும் ஆளை அசத்தும்!

வாட்ஸ்அப்பைத் தொடங்கியவர்கள் ஜான் கூம், பிரையன் ஆக்டன். இருவருமே ஃபேஸ்புக்கில் வேலை கேட்டுப் போனவர்கள். இருவருக்குமே கிடைக்கவில்லை! 2014-இல் அதே ஃபேஸ்புக் அவர்களைத் தேடி வந்து வாட்ஸ்அப்பை வாங்கியது. விலை 1,900 கோடி டாலர்!

அன்றைக்கு வாட்ஸ்அப்பில் இருந்த ஊழியர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 55!

இதைவிடப் பெரிய சேதி இருக்கிறது. ஆக்டன் 2017-இல் ஃபேஸ்புக்கை விட்டு வெளியே வந்தார். மறு ஆண்டே சிக்னல் ஆப்புக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கக் கை கொடுத்தார். அவர் எடுத்து வைத்த தொகை 5 கோடி டாலர்!

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பும் செய்திக்குப் பூட்டுப் போடுவது யார் கண்டுபிடித்த தொழில்நுட்பம்? சிக்னல்காரர்களுடையது! 2016-லிருந்து இரண்டு ஆப்பிலும் ஒரே பூட்டு!

பூட்டு ஒன்றென்றால் எதைப் போட்டால் என்ன என்கிறீர்களா? அங்கேதான் இருக்கிறது விஷயம்! வாட்ஸ்அப்பில் பேசிய பேச்சுக்குத்தான் பூட்டு. யாரோடு பேசினார், எப்போது பேசினார், எந்த குரூப்பில் இருக்கிறார் என்பதெல்லாம் பூட்டுக்கு வெளியே!

2016-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலிருந்து சிக்னலுக்கு ஒரு சம்மன் வந்தது. இரண்டு போன் நம்பர்களைக் குறிப்பிட்டு, பெயர், முகவரி, தொடர்பில் உள்ளவர்கள் என்று பெரிய பட்டியலே கேட்டார்கள். சிக்னலும் மறுக்காமல் கையில் இருந்ததை அப்படியே கொடுத்தது. எத்தனை தகவல்? இரண்டே இரண்டு! கணக்குத் தொடங்கிய நேரம் ஒன்று, கடைசியாக ஆப் இணைந்த நாள் ஒன்று. மற்றதைக் கொடுக்க முடியவில்லை. சேர்த்து வைத்தால்தானே கொடுப்பதற்கு!

2020-இல் ஐரோப்பிய ஆணையம் தன் ஊழியர்களுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. வெளியாட்களோடு செய்தி பரிமாற சிக்னலைப் பயன்படுத்துங்கள் என்று! பிரஸ்ஸல்ஸ் அதிகாரிகளுக்குப் பரிந்துரைத்த அதே ஆப் பாட்டிக்கும் இலவசம்!

டெலிகிராம் ரொம்ப ரகசியமானது என்று நினைத்தீர்களா? அதில் சாதாரணமாகத் திறக்கும் சாட்டுக்கு முழுப் பூட்டு கிடையாது! ‘சீக்ரெட் சாட்’ என்று தனியாகத் தேடித் திறந்தால்தான் உண்டு. குரூப்புக்கு அதுவும் கிடையாது. ஒரு குரூப்பில் எத்தனை பேர் சேரலாம்? 2 லட்சம் பேர்! பாட்டிக்கு எதற்கு அத்தனை கூட்டம்?

நம்ம ஊர் ஜோஹோவின் ‘அரட்டை’ 2021-இலேயே வந்துவிட்டது. 2025 செப்டம்பரில் திடீரென்று ஒரு பாய்ச்சல்! நாளொன்றுக்கு 3,000 பேர் சேர்ந்துகொண்டிருந்த இடத்தில் மூன்றே நாளில் அது நாளொன்றுக்கு 3,50,000 பேர் ஆனது! நூறு மடங்குக்கும் மேல்!

அரட்டை ஆப் டிவியிலும் ஓடும்! கண் மங்கிய தாத்தாவுக்குப் பெரிய திரை கிடைத்தது. ஆனால் அந்த அலை அடித்த நேரத்தில் அரட்டையில் கால்களுக்கு மட்டும்தான் முழுப் பூட்டு இருந்தது. எழுதும் செய்திக்கு இல்லை! போடும் முன் இன்றைய நிலையைக் கட்டாயம் பாருங்கள்.

மகன் துபாயிலா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான்! ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் கால் போகாது. ஆடியோ, வீடியோ இரண்டும் தடை! அங்கே அனுமதியோடு நடக்கும் ‘போட்டிம்’ ஆப்பைத்தான் பலர் வைத்திருக்கிறார்கள். ஆனால் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் தாராளமாகப் போகும்!

வாய்ஸ் மெசேஜ் என்றதும் நினைவுக்கு வருகிறது. வாட்ஸ்அப்பில் ஒரு நாளைக்கு எத்தனை வாய்ஸ் மெசேஜ் போகிறது தெரியுமா? 2022 கணக்குப்படி 700 கோடி!

பாட்டிக்குத் தட்டச்சு வரவில்லையே என்ற கவலையே வேண்டாம். மைக் படத்தை அழுத்தி, விரலை எடுக்காமல் அப்படியே மேலே தள்ளச் சொல்லுங்கள். திரையில் ஒரு குட்டிப் பூட்டு விழும். அவ்வளவுதான், விரலை எடுத்துவிடலாம்! பாட்டி கீரை ஆய்ந்துகொண்டே ஊர்க்கதை முழுவதையும் பேசி முடிக்கலாம். விரல் நடுங்கும் பெரியவர்களுக்கு இதைப் போல வசதி வேறில்லை. வாட்ஸ்அப், சிக்னல் இரண்டிலும் உண்டு!

வந்த வாய்ஸ் மெசேஜை ஊரே கேட்கிறதா? வாட்ஸ்அப்பில் போனைக் காதருகே கொண்டு போனால் போதும். ஸ்பீக்கர் நின்று காதுக்குள் மட்டும் கேட்கும்!

ஆப்பைத் திறக்காமலே பேத்தியின் சாட்டுக்குப் போகலாம்! ஆண்ட்ராய்டு போனில் அந்த சாட்டைத் திறந்து, மூலையில் மூன்று புள்ளிகளைத் தொட்டு, ஷார்ட்கட் போட்டுவிடுங்கள். முகப்பில் பேத்தியின் முகம் வந்து உட்காரும். தொட்டால் நேரே அவளிடம்!

ஐபோன் வைத்திருக்கும் தாத்தாவா? 2023-இல் ஐஓஎஸ் 17-உடன் ‘அசிஸ்டிவ் ஆக்சஸ்’ வந்தது. திரை முழுக்க நாலைந்து பெரிய கட்டங்கள் மட்டும்! எழுதத் தெரியாவிட்டால் எமோஜி மட்டும் உள்ள விசைப்பலகையும் கிடைக்கும்!

வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் பக்கத்துக்கு விளம்பரம் வரும் என்று 2025 ஜூனில் அறிவித்துவிட்டார்கள். சேனல்களும் அதே பக்கத்தில்தான். சிக்னலில் விளம்பரம் எத்தனை? பூஜ்யம்! அதில் ஸ்டோரியும் வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் அடியோடு நிறுத்திவிடலாம். மிஞ்சுவது பேச்சு மட்டும்! எழுத்தை ‘எக்ஸ்ட்ரா லார்ஜ்’ ஆக்கலாம், மெனுவைத் தமிழில் வைக்கலாம். பாட்டிக்கு முதல் ஆப் என்றால் என் ஓட்டு இதற்குத்தான்!

ஒரே ஒரு தொந்தரவு உண்டு. சிக்னல் அவ்வப்போது பின் நம்பர் கேட்டு ஞாபகப்படுத்தும். பாட்டி பயந்துபோவார்! செட்டிங்ஸில் அந்த நினைவூட்டலை நிறுத்திவிட்டு, நம்பரை உங்கள் டைரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னலில் தெரியாத ஆள் செய்தி அனுப்பினால் என்ன ஆகும்? முதலில் அனுமதி கேட்டு நிற்கும். பாட்டி சம்மதிக்கும்வரை, அவர் படித்தாரா இல்லையா என்பதுகூட அந்த ஆளுக்குத் தெரியாது!

அதெல்லாம் சரி, சொந்தபந்தம் மொத்தமும் வாட்ஸ்அப்பில்தானே என்கிறீர்களா? அப்படியானால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போய் ‘குரூப்ஸ்’ என்ற இடத்தைப் பாருங்கள். ‘எவ்ரிஒன்’ என்று இருக்கிறதா? உலகத்தில் யார் வேண்டுமானாலும் பாட்டியைப் பங்குச்சந்தை குரூப்பில் சேர்க்கலாம் என்று அர்த்தம்! ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று மாற்றுங்கள். அப்படியே ‘கால்ஸ்’ உள்ளே போய்த் தெரியாத நம்பர்களின் மணியை நிறுத்துங்கள். 2023-லிருந்தே இருக்கும் வசதி. ஒரு நிமிஷ வேலை!

ஒரு வாட்ஸ்அப் கணக்கை இன்னும் எத்தனை சாதனங்களில் இணைக்கலாம்? நான்கு! பாட்டி யாரிடமாவது போனைக் கொடுத்து வாங்கினால் ‘லிங்க்டு டிவைசஸ்’ பட்டியலை ஒரு தடவை பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்!

2025-இன் முதல் ஆறு மாதத்தில் மோசடிக் கும்பல்களோடு தொடர்புள்ள கணக்குகளை வாட்ஸ்அப் முடக்கியது. எத்தனை? 68 லட்சம்!

‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று வீடியோ காலில் மிரட்டுகிறார்களே, அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது! 2024 அக்டோபரில் பிரதமரே மனதின் குரல் நிகழ்ச்சியில் இதைச் சொல்லி எச்சரித்தார். பாட்டி போனில் முதலில் பதிய வேண்டிய நம்பர் 1930. சைபர் மோசடிப் புகாருக்கான நாலே இலக்கம்!

நட்சத்திரக் குறியும் 401-மாக ஒரு நம்பரை அழுத்தச் சொல்லி, பாட்டிக்கு வரும் கால்களைத் தங்கள் பக்கம் திருப்பிக்கொண்ட கும்பல்கள் உண்டு. அதனால் அந்த வசதியையே 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது!

பாட்டியின் பழைய சிம் சும்மா கிடக்கிறதா? துண்டிக்கப்பட்ட நம்பர் 90 நாள் கழிந்தால் வேறொருவர் கைக்குப் போகலாம்! வாட்ஸ்அப்பும் 120 நாள் தொடாமல் கிடக்கும் கணக்கைப் பொதுவாக அழித்துவிடும். நம்பர் மாற்றினால் ஆப்பிலும் அன்றே மாற்றிவிடுங்கள்!

காலை வணக்கப் படங்களால் போன் நிரம்பி வழிகிறதா? கூகுளுக்கே தெரிந்த பிரச்சினை அது! 2017 டிசம்பரில் கூகுள் விட்ட ‘ஃபைல்ஸ் கோ’ ஆப், இந்தியர்களின் குட்மார்னிங் படங்களைத் தேடிப் பிடித்து நீக்கவும் கற்றுக்கொண்டது. ரோஜாப்பூவும் சூரிய உதயமும் அத்தனை இடத்தை அடைத்திருந்தன!

பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் குரூப்பில் தப்பான ஆளைச் சேர்த்தால்? 2025 மார்ச்சில் அமெரிக்காவின் துணை அதிபரும் பாதுகாப்பு அமைச்சரும் இருந்த சிக்னல் குரூப்பில், ‘தி அட்லாண்டிக்’ பத்திரிகையின் ஆசிரியரைத் தெரியாமல் சேர்த்துவிட்டார்கள். ஏமன் தாக்குதல் திட்டத்தை அவர் படித்துக்கொண்டிருந்தார்! குடும்ப குரூப்பில் ஆள் சேர்க்கும் உரிமையை அட்மினிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆப்பிலும் முடியும்!

அட்மின் வேலையை நீங்களே எடுத்துக்கொண்டு, பாட்டி போனில் சிக்னலை இறக்கினீர்கள் என்று வையுங்கள். டிங் என்று ஒரு எஸ்எம்எஸ் வரும், ஓ.டி.பி. உங்களுக்குச் செலவில்லை. ஆனால் உலகம் முழுக்க இந்தச் சரிபார்ப்பு நம்பரை அனுப்பி வைக்க மட்டும், நன்கொடையில் நடக்கும் அந்த அமைப்புக்கு ஆண்டுச் செலவு எவ்வளவு தெரியுமா? 2023-இல் அவர்களே வெளியிட்ட கணக்கு, சுமார் 60 லட்சம் டாலர்!