அண்ணியின் முறுக்கும் ஒரு குரல்பதிவும்

குனோங் ராபாட் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஹியோங் பியா பிஸ்கட்தான் நினைவுக்கு வரும். எங்கள் தாமானில் கேட்டால் அண்ணியின் முறுக்கைச் சொல்வார்கள். முன்பெல்லாம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒட்டுக்கடையில் ஓர் அட்டை தொங்கும். விளம்பரம் அவ்வளவுதான்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வீட்டில் அடைந்து கிடந்த அண்ணி, சுங்கை சிப்புட் சுகு - பவித்ரா தம்பதியின் சமையல் காணொளிகளைப் பார்த்தார். தோட்டத் தொழிலாளி வீட்டுச் சமையலறை, ஒரு கைப்பேசி, சரளமான மலாய். நாடே பார்த்தது, அன்றைய பிரதமர் முஹிடின் யாசின் தம் உரையிலேயே பவித்ராவைக் குறிப்பிட்டார். "அவங்களால முடியும்னா என்னால முடியாதா?" என்று அண்ணி முகநூலில் இறங்கினார். அந்தத் தீபாவளிக்குக் கிள்ளானிலிருந்தும் ஆர்டர் வந்தது.

மறு ஆண்டு அதே கைப்பேசி காலை வாரிவிட்டது. பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது புலனக் குழுக்களில் ஒரு குரல்பதிவு: "அந்த முறுக்கு பழைய எண்ணெயில சுடுறது." பேசியது யாரென்று இன்றுவரை தெரியாது. ஒரே நாளில் 14 ஆர்டர் ரத்து.

1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசனில் இப்படியொரு சேதி அச்சேற வேண்டுமானால், ஆசிரியர் யாராவது நாலு கேள்வி கேட்டிருப்பார். குழுவில் யார் கேட்பது? அண்ணி விஷயமாக இல்லாவிட்டால் நானும் அதை நாலு பேருக்கு அனுப்பியிருப்பேன். பொய்ச் செய்திகளைச் சரிபார்த்துச் சொல்ல 2017 முதல் அரசின் செபெனார்ஞா தளம் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சட்டியின் எண்ணெயை அது எப்படிப் பார்க்கும்?

அண்ணி மறுப்பு எதுவும் எழுதவில்லை. மறுநாள் காலை புது எண்ணெய்ப் பாக்கெட்டைக் கேமரா முன் வெட்டிச் சட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் நேரலையில் முறுக்குப் பிழிந்தார். 14 பேரில் 9 பேர் திரும்பி வந்தார்கள். வராத ஐவரில் ஒருவர் எங்கள் பக்கத்து வீடு.