‘மேக் அப்’: ஒரு வினையும் அதன் பல பொருளும்

‘மேக்’ என்பது ஆங்கிலம் பயிலத் தொடங்கும் பாலருக்கும் அறிமுகமான சொல். ‘அப்’ என்பது அதனினும் எளிது. இவ்விரண்டையுந் தனித்தனியே நன்கறிந்த மாணவன், இரண்டும் ஒன்றாய் வருமிடத்திலே திகைத்து நிற்பதைக் காண்கிறோம். நானும் அவ்வாறு திகைத்திருக்க வேண்டியவன். திகையாமற் பொருள் கூறியதனால் ஒரு நல்ல மனிதருக்கு ஊரார் முன்னிலையில் தலைகுனிவை உண்டாக்கினேன். அக்கதையை முதலிற் கூறிவிடுகிறேன்.

1963ஆம் ஆண்டு எங்கள் ஊர்ச் சங்கக்கடைக்குக் கணக்குப் பரிசோதகரிடமிருந்து ஆங்கிலக் கடிதம் ஒன்று வந்தது. நிருவாகக் குழுவினரிற் பலருக்கு ஆங்கிலப் பயிற்சி இல்லை. கல்லூரியிற் படிக்கும் பையனென்று என்னை அழைத்து வாசிப்பித்தனர். கடிதத்தில் இரண்டு செய்திகள் இருந்தன. மனேச்சர் மார்ச் 31 வரையுமுள்ள கணக்குப் புத்தகங்களை ‘மேக் அப்’ செய்துள்ளார் என்பது ஒன்று. கையிருப்பிற் கண்ட குறைவை அவரே ‘மேக் அப்’ செய்துள்ளார் என்பது மற்றொன்று. அந்தக் கிழமைதான் சிறு அகராதி ஒன்றில் ‘மேக் அப்’ என்பதற்கு ‘இல்லாததைப் புனைதல்’ என்னும் பொருளை மனனஞ் செய்திருந்தேன். ஆகவே ஐயமின்றிக் கூறினேன்: “கணக்கை இட்டுக்கட்டியிருக்கிறார், குறைவையும் அவரே உண்டாக்கியிருக்கிறார்.” சபை மௌனமாயிற்று. மனேச்சர் தோளிற் கிடந்த சால்வையை எடுத்துக் கையிற் சுருட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

நல்வினைப் பயனாக, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சற்றுப் பிந்தி வந்து சேர்ந்தார். கடிதத்தை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, “தம்பி, என்ன செய்தார் என்று மாத்திரம் பாராதேயும். எதனைச் செய்தார் என்று பாரும்” என்றார். கணக்குப் புத்தகத்தை ‘மேக் அப்’ செய்தலாவது, வரவு செலவுகளையெல்லாம் பதிந்து, கூட்டி, எழுதி முடித்தல். குறைவை ‘மேக் அப்’ செய்தலாவது, அதனைக் கைப்பணத்தால் நிரப்புதல். மனேச்சருக்குப் பரிசோதகர் எழுதியிருந்தது நற்சான்று; நான் வாசித்ததோ குற்றப்பத்திரிகை.

இத்தகைய கூட்டுவினைகள் பிறமொழியாளரை இடர்ப்படுத்துவதை ஆங்கிலேயரே நெடுங்காலத்துக்கு முன் உணர்ந்திருந்தனர். 1755இல் தமது பேரகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், வினையோடு ஒரு சிறு சொல் ஒட்டிப் பொருளை மாற்றிவிடும் இவ்வழக்கு அந்நியருக்கு மிகக் கடினமானது என முன்னுரையிற் குறித்து, அத்தகைய தொடர்களைத் தாம் சிறப்பாகக் கவனித்துத் தொகுத்ததாகவுங் கூறுகிறார். ஆயினும் ‘பிறேசல் வேர்ப்’ என்னும் பெயர் பரவியது மிகப் பிந்தியே. லோகன் பியர்சோல் சிமித் என்பார் 1925இல் வெளியிட்ட ‘வேர்ட்ஸ் அன்ட் இடியம்ஸ்’ என்னும் நூலில் அதனை வழங்கினார். அப்பெயரைத் தமக்குச் சொல்லித் தந்தவர் ஒக்ஸ்போர்ட் அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்பதையும் மறவாது குறித்துள்ளார்.

இனி ‘மேக் அப்’ என்பதன் உட்கருத்தை நோக்குவோம். இங்கே ‘அப்’ என்பது ‘மேலே’ என்னும் இடத்தைக் குறிக்கவில்லை, நிறைவைக் குறிக்கிறது. ‘ஈற் அப்’ என்றால் மிச்சமின்றி உண்டுவிடுதல். ‘யூஸ் அப்’ என்றால் முழுவதையும் செலவிட்டுவிடுதல். தமிழில் ‘விடு’ என்னுந் துணைவினை செய்யும் தொழிலை அது அங்கே செய்கிறது. ஆகவே, பகுதிகளைச் சேர்த்து ஒன்றை முழுமையாக்குதலே ‘மேக் அப்’ என்பதன் அடிப்பொருள் எனக் கொள்ளலாம். எழுவர் சேர்ந்து ஒரு குழுவை ‘மேக் அப்’ செய்கின்றனர். மருந்தாளர் வைத்தியரின் சீட்டுப்படி மருந்துகளைக் கலந்து ‘மேக் அப்’ செய்கிறார். இல்லாத நிகழ்ச்சிகளைச் சேர்த்து ஒருவன் கதையை ‘மேக் அப்’ செய்கிறான். அலைந்து திரியும் எண்ணங்களை ஒன்றாக்கி மனத்தை ‘மேக் அப்’ செய்தல் தீர்மானித்தல் ஆகும். நடிகர் முகத்துக்குச் செய்யும் ‘மேக் அப்’ நாம் யாவரும் அறிந்ததே. அச்சொல் மேடையிலிருந்தே வீட்டுக் கண்ணாடியடிக்கு இறங்கி வந்தது.

இவ்வளவு பொருளையும் ஒரு வினை சுமப்பதா என்று வியப்பவர் நம் ‘கட்டு’ என்னுஞ் சொல்லைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். கதை கட்டுகிறோம், பாட்டுக் கட்டுகிறோம், பொதி கட்டுகிறோம். கூத்தர் வேடங் கட்டுவர். ஈய எழுத்துக்களை அடுக்கிய காலத்தில் அச்சகத்தார் பக்கங் கட்டினர். அதனையும் ஆங்கிலேயர் ‘மேக் அப்’ என்றே வழங்கினர். ஆராயாது ஒன்றைத் தீர்மானித்தவனை ‘முடிவு கட்டிவிட்டான்’ என்கிறோம். ‘பணங் கட்டினான்’ என்றால் கயிற்றாற் கட்டினானென்று தமிழ்க் குழந்தை எதுவும் கருதுவதில்லை. பணம், பாட்டு, பொதி என்னும் பெயர்ச்சொல்லே வினையின் பொருளை நிச்சயிக்கிறது என்பது அதற்கு இயல்பாகவே தெரியும். அந்த அறிவை ஆங்கிலத்திற் புகும்போது வாயிலில் விட்டுச் செல்வதே நமது பிழை.

ஆதலின், இவ்வினைக்கு ஒருபொருட் சொற்களென அட்டவணையிட்டு மாணவர் மனனஞ் செய்வதில் எனக்கு அதிக நம்பிக்கை இல்லை. இன்வென்ற், ஃபப்ரிக்கேற், கொன்ஸ்ரிற்யூற், கொம்பென்சேற், றெக்கொன்சைல் என்னும் ஐந்தும் அவ்வட்டவணையில் அருகருகே நிற்கும். ஆனால் அவை ஒன்றுக்கொன்று உறவினவல்ல. முதலிரண்டும் கதைக்குரியன. மூன்றாவது குழுவுக்கும், நான்காவது நட்டத்துக்கும், ஐந்தாவது பிணக்குக்கும் உரியன. முதலிரண்டுங்கூடத் தம்முள் ஒத்தனவல்ல. பேரனுக்குப் பாட்டி புதுக்கதை புனைவதை முன்னதாற் சொல்லலாம். பின்னதை அங்கே வைத்தால், பாட்டியை நீதிமன்றத்திற் பொய்ச்சான்று புனைந்தவளாக்கிவிடுவோம்.

மேலும், இவ்வைந்தும் இலத்தீன் வழிச் சொற்கள். 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சும் இலத்தீனும் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் ஆட்சி செலுத்த, ஆங்கிலம் அடுப்படியிலும் வயலிலும் வாழ்ந்தது. ‘மேக் அப்’ போன்றவற்றின் உறுப்புக்கள் அவ்வீட்டு வழக்கிற்குரியன. அதனாற்றான் அறிக்கையில் இலத்தீன் வழிச் சொல் கம்பீரமாகவும், உரையாடலில் அதுவே விறைப்பாகவுந் தோன்றுகிறது. மனைவியோடு பிணங்கிய ஆங்கிலேயன் சமாதானம் பேசும்போது ‘றெக்கொன்சைல்’ என்று தொடங்குவானாயின், பிணக்குத் தீர்வது ஐயந்தான்.

பரீட்சைக்குத் தோற்றுவோர் கவனிக்கவேண்டியவை சில உள. ‘கதை’ என்னும் பெயரை ‘அப்’ என்பதற்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ஆனால் ‘இற்’ என்னுஞ் சுட்டுப்பெயர் நடுவிலேதான் நிற்கவேண்டும்: ‘மேட் இற் அப்’ என்பது சரி, ‘மேட் அப் இற்’ என்பது பிழை. இழந்த காலத்தை ஈடுசெய்யும்போது ‘மேக் அப் போர்’ என வரும். ‘மேக் அப் ரு’ என்பதோ மேலதிகாரியை இச்சகம் பேசி வசப்படுத்த முயல்வது. அதனிடையே ‘இற்’ ஒன்று நுழைந்து ‘மேக் இற் அப் ரு’ என்றாகிவிட்டால், ஒருவருக்குச் செய்த தவறுக்கு ஈடாக நன்மை செய்தல் என்று பொருள்படும். இரண்டெழுத்துச் சொல்லொன்று இச்சகத்தைப் பிராயச்சித்தமாக மாற்றிவிடுகிறது.

பிணங்கியவர் மீண்டுங் கூடுதல் என்னும் பொருளில் மாத்திரம் நம் ‘கட்டு’ உதவிக்கு வராது. ‘மனம் பொருந்துதல்’ என்றே சொல்லவேண்டும். அன்றிரவு ஆசிரியரின் ஏவற்படி மனேச்சரின் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் ஒன்றுங் கூறாது தேநீர் தந்தார். பின்னர், அம்மாவுக்குச் சீனி வாங்க நான் கடைக்குப் போகும்போதெல்லாம் தராசின் முள்ளைக் காட்டி, “தம்பி, சரியாய்ப் பாரும், நான் இட்டுக்கட்டுகிற ஆள்” என்பார்.