பூவும் தழையும் தரும் வண்ணம்

வண்ணங்களின் வேற்றுமையை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாகத் திருமறை சுட்டுகிறது. அவ்வண்ணங்களை ஆடையில் ஏற்றும் கலையை நம் முன்னோர் பூவிடத்தும் தழையிடத்தும் கற்றனர். இன்றோ நாம் உடுப்பனவற்றுள் பெரும்பாலானவை வேதிச்சாயம் தோய்ந்தவை. அதன் விலையை ஆறுகள் செலுத்துகின்றன. நொய்யலாற்றில் சாயக்கழிவு கலந்தமையால், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பூச்சாயம் இதற்கு மாற்றாகுமா?

பூவைக் கசக்கித் துணியில் தேய்த்தால் நிறம் ஏறும். ஆனால் இரண்டொரு சலவையில் சாயம் வெளுத்துவிடும். நிறத்தைப் பற்றிவைக்க ஒரு பிணைப்பு வேண்டும். பருத்தித் துணியைக் கடுக்காய் நீரில் ஊறவைத்து, பின்னர்ப் படிகாரக் கரைசலில் தோய்ப்பர். கடுக்காயின் துவர்ப்பு நூலிழையைப் பற்ற, படிகாரத்திலுள்ள அலுமினியம் நிறத்தை அதனோடு பிணைக்கும். செண்டுமல்லி இதழ்களை வேகவைத்து வடித்த நீரில் அத்துணியை இட்டால் மஞ்சள் நிலைக்கும். இரும்பு நீர் சேர்ப்பின் அதுவே பாசிநிறமாய்க் கருக்கும். துவர் என்னும் தமிழ்ச்சொல் சுவையையும் செந்நிறத்தையும் ஒருங்கே குறிப்பது ஈண்டு எண்ணி மகிழத்தக்கது.

எனினும், நிலைத்த நீலத்தைப் பூ தருவதில்லை. சங்குப்பூவின் நீலம் வெயிலில் மங்கும். அந்நிறத்தைத் தருவது அவுரியின் தழை. நம் அனந்தபுரம் அமைந்த விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம் வட்டாரத்தில் இச்செடி பயிரிடப்படுகிறது. அறுத்த தழையைத் தொட்டி நீரில் ஓர் இரவு ஊறவைத்து, வடித்த நீரை அடித்துக் கலக்குவர். காற்றுப் பட்டதும் பசுமஞ்சள் நீர் நீலமாகும். அடியில் படியும் வண்டலைக் காய்ச்சி, வடிகட்டி, கட்டிகளாக உலர்த்துவர். இக்கட்டி நீரில் கரையாதாகலின், சுண்ணாம்பும் தகரை விதையும் இட்டுப் புளிக்கவைத்தே துணியைத் தோய்ப்பது மரபு. நீலமேறிய துணியை முறைப்படி செண்டுமல்லி நீரில் தோய்த்தால் பச்சை பிறக்கும்.

இச்செடிக்கும் வேதிச்சாயத்திற்கும் ஒரு பெயருறவு உண்டு. நீலம் என்னும் சொல் அரபு மொழியில் 'அந்நீல்' ஆகி, போர்த்துக்கீசியத்தில் 'அனில்' ஆயிற்று. 1840-இல் அவுரி நீலத்தைக் காரத்துடன் காய்ச்சி வடித்துப் பெற்ற பொருளுக்கு 'அனிலின்' எனப் பெயரிட்டனர். அந்த அனிலினைக் கொண்டே 1856-இல் பெர்க்கின் ஊதாச்சாயம் கண்டார். 1897-இல் ஜெர்மானியர் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். இந்திய அவுரி வாணிபம் வீழ்ந்தது. பெயர் கொடுத்த செடியையே அதன் பெயர் தாங்கிய தொழில் சாய்த்தது!

உலகின் ஆடைகள் அனைத்திற்கும் பூக்கள் போதா. செம்பு, குரோமிய உப்புகளைக் கொண்டு நிறத்தைப் பிணைப்பின் பூச்சாயமும் நீரை நஞ்சாக்கும். ஆயினும், படிகாரத்தை அளவறிந்து பயன்படுத்தும் கைத்தறியாளர்க்கு இது தக்க வழியே. விலைபோகாது சந்தையில் வாடும் செண்டுமல்லியும் அவர்கட்குப் பயன்படும். அவுரியின் ஊறிய தழையோ வயலுக்கு உரமாகும். நிறம் தந்த மண்ணுக்கே எஞ்சியதைத் திருப்பித்தரும் தொழிலை, நம் மாணவர் கற்றுப் போற்றுவாராக!